60 டன் பாயிலருக்கு எந்தச் செக் வால்வு, எந்த இடத்தில்?

செக் வால்வு என்பது தண்ணீரையோ நீராவியையோ ஒரே திசையில் மட்டும் விட்டு, திரும்பி வந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு. வடசென்னையின் மணலி, எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்து ஆலைகளில் செக் வால்வு வாங்கும் குறிப்பு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "100 மி.மீ., கிளாஸ் 600, ஸ்விங் டைப், ஐ.பி.ஆர். சான்றுடன், 3 எண்ணிக்கை." (கிளாஸ் என்பது அழுத்தம் தாங்கும் தரம்; ஸ்விங் என்பது டிஸ்க் என்ற தகடு கதவு போலக் கீலில் ஆடும் வகை; ஐ.பி.ஆர். என்பது இந்திய பாயிலர் விதிகள்.) பைப் என்ன அளவோ வால்வும் அதே அளவு. கழற்றிய வால்வு என்ன வகையோ புதியதும் அதே வகை. இந்த வால்வு எந்த இடத்தில் உட்காரப் போகிறது, நாளில் பாதி நேரம் இதன் வழியே எவ்வளவு தண்ணீர் ஓடும் என்ற இரண்டு கேள்விகளும் அந்த வரியில் இருக்காது. இரண்டே வருடத்தில் "வால்வு பாஸ் ஆகுது" (மூடிய பிறகும் கசிகிறது) என்று ஃபிட்டர் வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தயாரித்த கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

கணக்குக்கு ஒரு பாயிலரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 டன் நீராவி, 45 பார் அழுத்தம், 440 டிகிரி சூடு. தண்ணீரில் கரைந்த காற்றை நீக்கும் டீ-ஏரேட்டரிலிருந்து 105 டிகிரியில் தண்ணீர் வருகிறது. அதைப் பாயிலருக்குத் தள்ளும் ஃபீட் பம்ப் மூன்று. ஒவ்வொன்றும் பாதி லோடுக்குப் போதும், இரண்டு ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. பெரிய புராசஸ் ஆலைகளில் சாதாரணமாகக் காணும் அமைப்புதான் இது. இதில் செக் வால்வு வரும் முக்கிய இடங்கள் நான்கு: ஒவ்வொரு பம்ப்பின் வெளிவாய், புகைச் சூட்டில் தண்ணீரைச் சூடாக்கும் எகனாமைசருக்கு முன்னால் இருக்கும் ஃபீட் செக் வால்வு, பாயிலரிலிருந்து நீராவி ஹெடருக்கு (பொதுக்குழாய்க்கு) போகும் வழி, தண்ணீரும் நீராவியும் பிரியும் டிரம்முக்குள் ரசாயனம் செலுத்தும் சிறு குழாய். நான்குக்கும் ஒரே வகை வாங்குவது வீட்டில் எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு மாட்டுவது போலத்தான்.

முதலில் அளவு

ஸ்விங் வால்வின் டிஸ்க்கை ஓட்டம்தான் தூக்கிப் பிடிக்கிறது. ஓட்டம் போதாவிட்டால் டிஸ்க் முழுதாகத் திறந்து ஸ்டாப்பரில் சாயாமல் நடுவில் தொங்கி ஆடும். நாள் முழுக்க ஆடினால் ஹின்ஜ் பின் தேயும், துளை முட்டை வடிவமாகும், டிஸ்க் சாய்ந்து சீட்டில் ஒரு பக்கமாக உட்காரும். டிஸ்க் நட்டின் பூட்டுப் பின் முறிந்தால் டிஸ்க்கே கழன்று ஓட்டத்தோடு போய் அடுத்த வால்விலோ முழங்கை வளைவிலோ சிக்கும்.

டிஸ்க் முழுதாகத் திறந்து நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்கு ஒரு வழக்கமான சூத்திரம் உண்டு. ஒரு கிலோ திரவமோ நீராவியோ எத்தனை கன மீட்டர் இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை, ஸ்விங் வால்வின் உள்ளமைப்பைப் பொறுத்து, 45 அல்லது 75ஆல் பெருக்குங்கள். விடை மீட்டர்/வினாடியில் வரும். 105 டிகிரித் தண்ணீருக்கு இது சுமார் 1.5 முதல் 2.4 வரை வரும்.

இப்போது நம் பம்ப்பைப் பார்ப்போம். ஒரு பம்ப்புக்கு மணிக்கு 30 டன் என்றால் சுமார் 31.4 கன மீட்டர். ஷெட்யூல் 80 (சுவர்த் தடிமனின் தரம்) பைப்பில் 100 மி.மீ. அளவுக்கு வேகம் 1.2 மீட்டர்தான். முழு லோடிலேயே டிஸ்க் முழுதாகத் திறக்காது. 80 மி.மீ. வால்வு என்றால் 2.05, 65 மி.மீ. என்றால் 3.2. குறிப்பில் எழுதியிருந்த 100 மி.மீ. ஸ்விங் வால்வு மாட்டிய நாளிலிருந்தே தேய ஆரம்பித்துவிடும்.

பைப் 100 மி.மீ. ஆக இருக்கட்டும். இரு பக்கமும் ரெடியூசர் (விட்டம் குறைக்கும் இணைப்பு) வைத்து 80 மி.மீ. வால்வைப் போடலாம். அழுத்தம் வீணாகுமே என்று உடனே ஒரு கேள்வி வரும். 60 டன்னும் ஒரே 80 மி.மீ. வால்வில் போனாலும், அதுவும் தடை அதிகமுள்ள லிஃப்ட் வகையாக இருந்தாலும், இழப்பு சுமார் 0.8 பார்தான். பம்ப் தருவது 60 பாருக்குப் பக்கத்தில். ஃபீட் பக்கத்தில் அழுத்த இழப்பை நினைத்துப் பெரிய வால்வு வாங்குவது, கால் அணா மிச்சம் பிடிக்கப் போய் முக்கால் அணா செலவழிக்கும் வேலை.

பாதி லோடில் ஓடும் நாட்களில் இன்னொரு எளிய வழி இருக்கிறது. இரண்டு பம்ப்பையும் பாதிப் பாதியாக ஓட்டாமல் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை முழு ஓட்டத்தில் ஓட்டுங்கள். மின்சாரமும் மிச்சம், வால்வும் ஆடாது. அனல்மின் நிலையங்களுக்கு இந்தச் சலுகை எப்போதும் கிடைக்காது. பகலில் சூரிய மின்சாரம் வரும்போது நிலக்கரி யூனிட்டை 55 சதவீதம் வரை இறக்கி ஓட்ட வேண்டும் என்பது 2023இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த விதி. முழு லோடை மட்டும் மனதில் வைத்து வாங்கிய பழைய வால்வுகளுக்கு அந்தப் பகல் நேரம்தான் பரீட்சை.

பம்ப் வெளிவாய்: காசு செலவழிக்க வேண்டிய இடம்

இரண்டு பம்ப் ஓடும்போது ஒன்று டிரிப் ஆனால் என்ன நடக்கும்? மற்றது ஹெடரில் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நின்ற பம்ப்பின் ஓட்டம் அரை வினாடி, ஒரு வினாடிக்குள் பூஜ்யமாகி, அங்கிருந்து தலைகீழாகத் திரும்பும். ஸ்விங் டிஸ்க் 60, 70 டிகிரி தூரம் விழ வேண்டும். அது சீட்டைத் தொடுவதற்குள் தண்ணீர் பின்னோக்கி வேகம் பிடித்திருக்கும். அந்த வேகம் சட்டென்று நின்றால் அழுத்தம் எகிறும். அடர்த்தி, குழாய்க்குள் ஒலியலை ஓடும் வேகம், நின்ற ஓட்டத்தின் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் எவ்வளவு எகிறும் என்று தெரிந்துவிடும். நம் தண்ணீருக்குப் பின்னோட்டம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால் சுமார் 14 பார், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தின் மேல். பம்ப் ஹவுஸில் "டமார்" என்று கேட்கும் சத்தம் இதுதான். ஒரு தடவை கேட்டால் ஒன்றும் ஆகாது. டிரிப் ஆகும்போதெல்லாம் கேட்டால் கேஸ்கெட், சப்போர்ட், பம்ப்பின் த்ரஸ்ட் பேரிங் எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது, டிஸ்க் எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்பதுதான். ஸ்விங் இதில் கடைசி. டிஸ்க் கனம், தூரம் நீளம். வெளியே லீவரும் எடையும் வைத்த ஸ்விங் கொஞ்சம் சீக்கிரம் மூடும். ஆனால் அந்த லீவர் தண்டு வெளியே வரும் கிளாண்ட் எண்ணூர் கடற்காற்றில் இறுகிப்போனால் டிஸ்க் திறந்தபடியே நிற்கும். செக் வால்வே இல்லாததற்குச் சமம் அது.

இரட்டைத் தகடு வகையில் இரண்டு அரைவட்டத் தகடுகளை ஸ்பிரிங் மூடிவைக்கிறது. இடம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. கூலிங் வாட்டர், கண்டென்சேட் பம்ப்புகளுக்குத் தாராளமாகப் போடலாம். ஃபீட் பம்ப்புக்கு எங்கள் தேர்வு இது அல்ல. நடுத் தண்டும் ஸ்பிரிங்கும் ஓட்டத்தின் நடுவிலேயே இருக்கின்றன. பம்ப்பிலிருந்து சுழன்று வரும் தண்ணீரில் தகடுகள் படபடக்கும், ஸ்பிரிங் முறியும். முறிந்த துண்டு எகனாமைசர் பக்கம் போனால் தேடி எடுப்பது பெரும்பாடு. போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்பிரிங் இன்கொனல் எக்ஸ்-750 என்று எழுதிக் கேளுங்கள். சாதாரண எஸ்.எஸ். ஸ்பிரிங் சூட்டில் தளரும்.

டில்டிங் டிஸ்க்கில் அச்சு, டிஸ்க்கின் எடை மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூரம் குறைவதால் ஸ்விங்கை விட வெகு சீக்கிரம் மூடும், இழப்பும் குறைவு. அனல்மின் நிலையத்தின் பெரிய ஃபீட் லைன்களில் இது நன்றாக உழைக்கும். ஆனால் சீட்டைப் பழுது பார்ப்பது கஷ்டம். லேத் வசதியும் அனுபவமும் உள்ளவர்களிடம் அனுப்ப வேண்டும். 150 மி.மீ.க்குக் கீழே இதைத் தேட வேண்டியதில்லை.

லிஃப்ட் அல்லது பிஸ்டன் வகையில் டிஸ்க் நேராக மேலே ஏறி நேராக இறங்குகிறது. 100 மி.மீ. வரை ஃபோர்ஜ் செய்த உடலோடு சுலபமாகக் கிடைக்கிறது, சீட்டை லேப் செய்வதும் (தேய்த்துச் சமமாக்குவதும்) சுலபம். குறை ஒன்றுதான்: பிஸ்டன் தன் கைடில் சிக்கும். பாயிலர் தண்ணீரில் வரும் கறுப்பு மேக்னடைட் துகள்களும் புது பைப் வேலைக்குப் பின் வரும் வெல்டிங் கசடும் கைடில் புகுந்தால், வால்வு பாதியில் நிற்கும். கமிஷனிங் முடிந்த முதல் மாதத்திலேயே ஒரு தடவை திறந்து துடைத்துவிடுங்கள்.

நாசில் வகை, சைலண்ட் செக் என்றும் சொல்வார்கள். ஓட்டத்தின் அச்சிலேயே ஸ்பிரிங்கோடு சிறு தூரம் நகரும் டிஸ்க். ஓட்டம் குறையக் குறைய டிஸ்க்கும் சீட்டை நோக்கி வந்துகொண்டே இருக்கும். பின்னோட்டம் பிறப்பதற்குள் மூடிவிடும். மூன்று பம்ப் ஒரே ஹெடரில் சேரும் நம் அமைப்புக்கு 80 மி.மீ. நாசில் வால்வுதான் எங்கள் முதல் தேர்வு. விலை ஸ்விங்கைப் போலப் பல மடங்கு. லைனில் வைத்துத் திறந்து பார்க்க முடியாது, கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே வெல்டிங் முனை வேண்டாம், ஃபிளாஞ்ச் முனை வாங்குங்கள்.

இதே இடத்துக்கு ஏ.ஆர்.சி. என்ற தானியங்கி மீள்சுற்று வால்வும் ஒரு போட்டியாளர். செக் வால்வும், ஓட்டம் குறையும்போது தண்ணீரை டீ-ஏரேட்டருக்குத் திருப்பும் பைபாஸும் ஒரே உடலில் இருக்கும். தனி கண்ட்ரோல் வால்வு, ஃப்ளோ மீட்டர், வயரிங் எல்லாம் மிச்சம். ஏற்கெனவே மினிமம் ஃப்ளோ லைன் (தண்ணீரைத் திருப்பும் அந்த வழி) நன்றாக வேலை செய்யும் ஆலையில் இதற்குத் தேவையில்லை. புது ஆலைக்கு, அல்லது அந்த லைனை ஆப்பரேட்டர் கையால் திறந்து மூடும் ஆலைக்கு, நாசில் வால்வுக்குப் பதில் இதையே வாங்குவது புத்திசாலித்தனம். சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்ப்பின் உள்வாய் வடிகட்டி) ஒழுங்காக இருந்தால்தான் இது உழைக்கும்.

பம்ப் வெளிவாய் வால்வு பாஸ் ஆவதை எப்படிக் கண்டுபிடிப்பது? நின்றிருக்கும் பம்ப்பின் தண்டு தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றும் நிலையில் ஸ்டாண்ட்பை மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் தண்டோ கப்ளிங்கோ முறுக்கிக்கொள்ளும். அதை விட மோசமானது, சக்‌ஷன் வால்வை மூடி வைத்த பம்ப்பில் நடப்பது. டெலிவரி வால்வு திறந்து, செக் வால்வும் பாஸ் ஆனால், 5, 10 பாருக்கு வடிவமைத்த சக்‌ஷன் குழாயில் 60 பார் ஏறும். பம்ப்பைத் தனிமைப்படுத்தும்போது எப்போதும் டெலிவரியை முதலில் மூடி, சக்‌ஷனைக் கடைசியில் மூடச் சொல்வது இதனால்தான்.

ஃபீட் செக் வால்வு

இந்திய பாயிலர் விதிகள், 1950 கேட்கும் கட்டாய உறுப்புகளில் ஒன்று இது. பம்ப், பைப் எல்லாம் போனாலும் டிரம்மின் தண்ணீர் பின்னால் ஓடிவிடக் கூடாது என்பது இதன் வேலை. இங்கே மூடும் வேகத்தை விட இறுக்கமாக மூடுவது முக்கியம். ஆகவே லிஃப்ட் வகைதான், அதிலும் ஸ்டெல்லைட் 6 என்ற கடின உலோகம் பூசிய சீட்டும் டிஸ்க்கும். 60 டன் ஓட்டத்துக்கு 150 மி.மீ. வால்வில் வேகம் 1.04 மீட்டர், 100 மி.மீ. வால்வில் 2.35. பாதி லோடிலும் ஓடும் பாயிலர் என்றால் 80 மி.மீ. கூட நியாயம்தான்.

பலர் ஸ்க்ரூ-டவுன் வகை வாங்குவார்கள். கைச்சக்கரம் டிஸ்க்கை அழுத்தி மூடும், தூக்காது. நல்ல ஏற்பாடுதான், ஒரு கெட்ட பழக்கம் சேராதவரை: டிரம் லெவல் ஏறும்போது இதே சக்கரத்தைப் பாதி இறக்கி ஓட்டத்தைக் குறைப்பார்கள். ஃபீட் கண்ட்ரோல் வால்வு செய்ய வேண்டிய வேலையைச் செக் வால்வு செய்தால், சீட்டில் கோடு கோடாக அரிப்பு விழும்.

நீராவி ஹெடர்

இரண்டு பாயிலர் ஒரே ஹெடரில் சேர்ந்தால், ஒன்றில் டியூப் வெடிக்கும்போது மற்றதன் நீராவி முழுக்க வெடித்த பாயிலருக்குள் பாயும். பழுதுக்கு நிறுத்திய பாயிலருக்குள் ஆள் இருக்கும்போது பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஸ்விங் வேண்டாம். ஒய் வடிவ ஸ்டாப்-செக் வால்வு (செக் வால்வாகவும், சக்கரத்தால் மூடும் வால்வாகவும் இருப்பது), அதற்குப் பின்னால் தனி ஸ்டாப் வால்வு, இரண்டுக்கும் நடுவில் திறந்து பார்க்கும் டிரெய்ன். பாயிலரைப் புதிதாக லைனில் சேர்க்கும்போது தன் அழுத்தம் ஹெடரைத் தாண்டியதும் டிஸ்க் தானே எழும் என்பது இதன் கூடுதல் வசதி.

அளவில் செய்யும் தவறு இங்கேயும் அதேதான். 60 டன் நீராவி 250 மி.மீ. ஷெட்யூல் 80 குழாயில் சுமார் 25 மீட்டர் வேகத்தில் போகும். அந்த நீராவிக்கு ஸ்விங் கேட்கும் குறைந்தபட்சம் 12 முதல் 20 மீட்டர். பாதி லோடில் 12.6 ஆகிவிடும். ஸ்விங் போட்டிருந்தால் டிஸ்க் தட்டும் சத்தம் பிளாட்ஃபாரம் வரை கேட்கும். ஸ்டாப்-செக்கிலும் டாஷ்பாட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பிஸ்டனுக்கு மேலே அடைபட்ட நீராவி மெத்தை போல இருந்து ஆட்டத்தை அடக்கும். தடை அதிகமுள்ள நேர்க்குளோப் உடல் வேண்டாம், ஒய் உடலே போதும். நீராவிப் பக்கத்தில் ஒவ்வொரு கால் பாரும் டர்பைனில் கணக்காகும்.

டர்பைனிலிருந்து ஹீட்டருக்கு நீராவி எடுக்கும் லைன்களின் வால்வு தனி வகை. டர்பைன் டிரிப் ஆனதும் ஹீட்டரில் உள்ள சூடான தண்ணீர் ஆவியாகி டர்பைனுக்குத் திரும்பினால், லோடு இல்லாத ரோட்டர் ஓவர்ஸ்பீடுக்குப் போகும். அதனால் அவை காற்று சிலிண்டர் உதவியோடு மூடும் வால்வுகள். இங்கே தேர்வுக்கே இடமில்லை, டர்பைன் தயாரிப்பாளர் சொன்னதைத்தான் போட வேண்டும்.

சின்னக் குழாய்

டிரம்முக்கு பாஸ்பேட் செலுத்தும் 15, 20 மி.மீ. லைனைப் பலரும் கவனிப்பதில்லை. 45 பாரில் டிரம் தண்ணீர் கிட்டத்தட்ட 259 டிகிரி. செக் வால்வு பாஸ் ஆனால் அது நேரே டோசிங் பம்ப்புக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் வரும். ஸ்பிரிங் வைத்த லிஃப்ட் செக் வால்வு இரண்டை வரிசையாகப் போடுங்கள், நடுவில் ஒரு டிரெய்ன். மொத்தச் செலவும் பெரிய வால்வு ஒன்றின் கேஸ்கெட் செட்டுக்குப் பக்கத்தில்தான் வரும்.

உலோகமும் காகிதமும்

பாயிலர் 45 பார்தானே, கிளாஸ் 300 போதாதா என்பார்கள். டபிள்யூ.சி.பி. என்ற வார்ப்புக் கார்பன் உருக்கில் கிளாஸ் 300 வால்வு 100 டிகிரியில் தாங்குவது 46.6 பார். ஃபீட் பம்ப் வெளிவாயை மூடி ஓட்டினால் 70 பாரைத் தொடும். கிளாஸ் 600 என்றால் 93.2 பார். ஃபீட் பக்கத்துக்கு அதுதான் சரி. நீராவிப் பக்கம் 440 டிகிரி என்பதால் டபிள்யூ.சி.பி. கூடாது. 425 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் இருந்தால் கார்பன் உருக்கில் கிராஃபைட் பிரிந்து உலோகம் பலவீனமாகும். குரோம்-மாலிப்டினம் உருக்கான டபிள்யூ.சி.6 அல்லது டபிள்யூ.சி.9 கேளுங்கள்.

ஐ.பி.ஆர். என்று வால்வில் எழுதியிருந்தால் போதாது. தயாரிப்பு, சோதனைச் சான்றான படிவம் 3-சி மூலப்பிரதி வேண்டும். அதிலுள்ள ஹீட் நம்பர் (உருக்கு உருக்கிய தொகுதியின் எண்) உடலில் வார்த்திருக்கும் ஹீட் நம்பரோடு பொருந்த வேண்டும். பாரிமுனை, லிங்கி செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு கடைகளில் அவசரத்துக்கு வால்வு உடனே கிடைக்கும். நல்ல கடைக்காரர் காகிதத்தை முதலில் எடுத்துக் காட்டுவார். "வால்வு இப்ப எடுத்துட்டுப் போங்க, சர்டிஃபிகேட் நாளைக்கு வரும்" என்றால் கையை விரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பெயின்ட் புதிதாக இருந்து ஃபிளாஞ்ச் முகத்தில் பழைய கேஸ்கெட் தடம் தெரிந்தால், அது எங்கிருந்தோ கழற்றிப் பாலிஷ் போட்டது.

கசிவு எவ்வளவு அனுமதி என்பதிலும் தகராறு வரும். உலோகச் சீட் செக் வால்வு சொட்டே விடக் கூடாது என்று வழக்கமான சோதனைத் தரம் சொல்லவில்லை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 598 சோதனையில் அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 3 மி.லி. வரை அனுமதி உண்டு. 100 மி.மீ. வால்வுக்கு 12 மி.லி. அதை விட இறுக்கம் வேண்டுமென்றால் ஆர்டரிலேயே எழுத வேண்டும், வால்வு வந்த பிறகு சண்டை போட முடியாது.

மாட்டுவது, பார்ப்பது

பம்ப் ஃபிளாஞ்சிலோ முழங்கை வளைவிலோ ஒட்டி மாட்டாதீர்கள். குழாய் விட்டத்தின் ஐந்து மடங்கு நேர் ஓட்டம் கொடுங்கள், அதாவது 80 மி.மீ. வால்வுக்கு 40 செ.மீ. அவ்வளவு இடமில்லை என்றால் ஸ்விங், இரட்டைத் தகடு இரண்டையும் மறந்துவிட்டு நாசிலுக்குப் போங்கள். ஸ்பிரிங் இல்லாத லிஃப்ட் வால்வு படுக்கைக் குழாயில், மூடி மேலே பார்த்தபடிதான் உட்கார வேண்டும். செங்குத்துக் குழாயில் ஸ்விங் போட்டால் ஓட்டம் கீழிருந்து மேலே மட்டும்.

வருடாந்திர பாயிலர் ஆய்வில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) எடுக்கும்போது ஃபீட் செக் வால்வைச் சோதிக்கச் செலவில்லாத வாய்ப்பு கிடைக்கிறது. வால்வுக்கு முன்பக்கம் உள்ள டிரெய்னைத் திறந்து, வரும் தண்ணீரை ஐந்து நிமிடம் அளவு ஜாடியில் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். போன வருட அளவோடு ஒப்பிட்டால் லேப்பிங் தேவையா என்பது தெரிந்துவிடும். லேப் செய்த பின் நீல மை தடவிப் பாருங்கள். சீட் முழுக்க உடையாத ஒரு வளையம் விழ வேண்டும். ஒரு இடத்தில் விட்டிருந்தாலும் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

டிஸ்க்கில் குழிக்குழியாகப் புள்ளி அரிப்பு தெரிந்தால் வால்வைக் குறை சொல்லும் முன் தண்ணீர் ரிப்போர்ட்டைப் பாருங்கள். கடல் தண்ணீரில் குளிரும் கண்டென்சரில் ஒரு டியூப் ஓட்டை விழுந்தாலே குளோரைடு ஃபீட் தண்ணீருக்கு வந்துவிடும், 13 சதவீதம் குரோம் உள்ள உருக்குப் பாகங்களை அது தின்னும். கொடுங்கையூரிலிருந்து மணலி ஆலைகளுக்கு வரும் சுத்திகரித்த தண்ணீரிலும், உப்பு நீக்கும் டி.எம். பிளான்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் வால்வின் ஆயுள்.

ஸ்பேர் வால்வை ஸ்டோரில் தரையில் வைக்காதீர்கள். 2015இலும் 2023இலும் டிசம்பர் மழையில் மணலிப் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். இடுப்புயர ராக்கில், ஃபிளாஞ்ச் மூடி கழற்றாமல், சீட்டில் துரு தடுக்கும் எண்ணெய் தடவி வையுங்கள். மாட்டும் நாளில் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும், டிரம்முக்குள் எண்ணெய் போனால் நுரை கிளம்பும்.